சேனை வைக்க ஆள் தேவை

12 ஜூன் 2025, வியாழன்

காலையில் அத்தையும் மாமாவும் வாசலில் உட்கார்ந்து தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டே என் பிள்ளைக்கு ஆள் தேடத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளை பிறக்க இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. தேடுவது பெயருக்கோ பள்ளிக்கூடத்துக்கோ இல்லை, சேனை வைக்க. பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பவர் யாரோ, அவருடைய குணமும் அதிர்ஷ்டமும் குழந்தைக்கு அப்படியே வந்துவிடும். இந்த வீட்டின் அறிவியல் இது. நான் படித்த பி.எஸ்சி. தாவரவியலில் இந்தப் பாடம் இல்லை.

"போன தடவ அவசரப்பட்டுட்டோம். இந்தத் தடவ நல்லா விசாரிச்சி வெக்கணும்" என்றார் அத்தை.

"ஆமா, நாலு எடத்துல விசாரிப்போம்" என்றார் மாமா, பொண்ணு பார்க்கப் போகிறவர் மாதிரி.

போன தடவை என்றால் என் பையன். போன வருஷம் மார்ச்சில் பிறந்தான். மூன்று வாரம்கூட இருக்கவில்லை. வயிற்றுப்போக்கு. உச்சி இறங்கியிருக்கிறது என்று தலையில் விளக்கெண்ணெய் வைத்தார்கள். மாந்தம் என்று இன்னும் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார்கள். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவனுக்கு அழவே தெம்பு இல்லை.

பிறகு வீட்டில் விசாரணை நடந்தது. குற்றவாளி முருகன் பெரியப்பா. பாங்கில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர், அதுவரை ஊரில் பெரிய மரியாதை. அவர்தான் சேனை வைத்தவர். அடுத்த மாதமே அவர் வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டதும் தீர்ப்பு உறுதியாகிவிட்டது: கை ராசியில்லை. பாவம், இப்போது எங்கள் தெரு வழியாகக்கூட வருவதில்லை.

தண்ணீரை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. அது எங்கள் வீட்டுத் தொட்டித் தண்ணீர். நல்ல குடும்பத்தைச் சேர்ந்தது.

15 ஜூன், ஞாயிறு

மாமா மூன்று பெயர் சொல்லியிருக்கிறார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சரத் - அத்தையின் அண்ணன் மகன். பக்கத்து ஊர் இண்டூரில் இருக்கும் தர்மன் சார் - ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அப்புறம் தமிழ்ச்செல்வன் - கட்சிக்காரர், ஒன்றியத்தில் பெரிய ஆள். நான் குரூப் ஃபோர் தேர்வு இரண்டு முறை எழுதியவள். அங்கேகூட இத்தனை தகுதி கேட்கவில்லை.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, நான் வெறும் வயிறுதானே.

2 ஜூலை, புதன்

சுகாதார நிலைய நர்ஸ் கனிமொழி வீட்டுக்கு வந்தார். சேனையைப் பற்றி நான்தான் அவரிடம் போன வாரமே சொல்லி வைத்திருந்தேன். நன்றாகவே பேசினார். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும், முதலில் வரும் மஞ்சள் பால்தான் முதல் தடுப்பூசி மாதிரி, ஆறு மாதத்துக்குத் தண்ணீர்கூடக் கூடாது, சர்க்கரைத் தண்ணீர் வழியாகக் கிருமி போகும், பச்சைக் குழந்தையின் குடல் தாங்காது. படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார். அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். நடுவில் இரண்டு முறை "ஐயோ பாவம்" என்றார். ஒப்புக்கொண்டு விடுவார் போலிருந்தது.

"எவ்ளோ அழகா பேசறீங்க நர்சம்மா" என்றார் கடைசியில். "படிச்சவங்க படிச்சவங்கதான். கவர்மெண்டு வேல வேற. பேசாம நீங்களே வந்து எங்க புள்ளைக்கி சேன வெச்சிடுங்களேன். ஒங்களாட்டம் வரட்டும்."

கனிமொழி அட்டைகளைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். அது பாதியில் மாட்டிக்கொண்டது. என்னைப் பார்த்தார். நான் மோர் எடுத்து வரப் போய்விட்டேன், சிரிப்பை அடக்க. அடுப்படியில் நின்று பார்த்தால் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

9 ஜூலை, புதன்

ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து டிரிப் ஏற்றினார்கள். "குடுத்த சத்துமாவு, பேரீச்சம்பழம் எல்லாம் சாப்பிடறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். சாப்பிடுகிறோம். மாமாவுக்குப் பேரீச்சம்பழம் என்றால் உயிர். சத்துமாவை அத்தை எல்லோருக்கும் கலக்குகிறார், கடைசி டம்ளர் எனக்கு. அரசாங்கம் கொடுத்த கர்ப்பிணிப் பெட்டகத்தால் வீட்டில் எல்லோருக்கும் உடம்பு தேறியிருக்கிறது.

பையன் போன பிறகு ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். குழந்தை இறந்த வீட்டு அம்மாக்களைக் கூப்பிட்டு விசாரிக்கும் கூட்டம். நீளமான மேசை, டீ, பிஸ்கட். ஒரு அதிகாரி கேட்டார்: "குழந்தை ஏன் இறந்துச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க?" அதைத் தெரிந்துகொள்ளத்தானய்யா நான் இரண்டு பஸ் மாறி வந்தேன்! கடைசியில் தாய்க்கு விழிப்புணர்வு இல்லை என்று முடித்தார்கள். எனக்கு விழிப்பு நிறையவே இருந்தது. பெற்றுப்போட்டு, எழுந்து உட்காரத் தெம்பில்லாமல், அவன் வாயில் அந்தச் சர்க்கரைத் தண்ணீர்ச் சங்கை வைப்பதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். இரண்டு கண்ணும் திறந்துதான் இருந்தது.

இந்த முறை அது நடக்கக் கூடாது. நடக்க விட மாட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

14 ஜூலை, திங்கள்

நேராகவே சொல்லிப் பார்த்தேன். "அத்தை, சேனையே வேணாமே?"

"ஏம்மே, எல்லாம் படிச்ச திமிரா? அப்ப எங்கள எல்லாம் யாரு வளத்தா?"

மாமா துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். என் வீட்டுக்காரர் சத்யராஜ் செல்போனில் தக்காளி விலை பார்த்தார். இரவு தனியாகக் கேட்டேன், நீங்களாவது சொல்லக் கூடாதா என்று. "அம்மாகிட்ட அதெல்லாம் பேச முடியுமா சுமி? காலைல பாலக்கோடு மார்க்கெட்டுக்கு லோடு போவணும்" என்று திரும்பிப் படுத்தார். நல்ல மனிதர்தான். அவர் ஓட்டும் மினி லாரிக்குக்கூட ரிவர்ஸ் கியர் இருக்கிறது. இவருக்கு அதுவும் இல்லை, நியூட்ரல் மட்டும்தான்.

20 ஜூலை, ஞாயிறு

சரத் வந்தான். வருகிறான் என்றதும் வீட்டில் ஆட்டுக்கறி. அத்தை அவன் இலையில் நல்லி எலும்பாகப் பார்த்துப் போட்டார். பாதிச் சாப்பாட்டில் அவனாகவே சொன்னான், கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்களாம், அவனையும் அனுப்பிவிட்டார்களாம். "இப்ப எல்லாத்தையும் கம்ப்யூட்டரே செஞ்சிடுது அத்தை."

அதற்கப்புறம் அவனுக்கு ரசம்தான் வந்தது.

அவன் பஸ் ஏறுவதற்குள் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்துவிட்டார்கள். "நல்லவேள, முன்னாடியே தெரிஞ்சிது. இல்லேன்னா புள்ள வேல இல்லாம திரிஞ்சிருக்கும்" என்றார் மாமா. இன்னும் பிறக்காத என் பிள்ளைக்கு வேலை போகாமல் காப்பாற்றிவிட்டார்கள்.

ஆனால் எனக்கு இன்று ஒன்று புரிந்தது. சாப்பிட்ட பாத்திரம் துலக்கும்போது திடீரென்று புரிந்தது. தண்ணீரை எதிர்த்தால் நான் திமிர் பிடித்தவள். ஆளை எதிர்த்தால்? பிள்ளை மேல் அக்கறை உள்ளவள்!

இன்னும் இரண்டு பேர்தான் பாக்கி.

3 ஆகஸ்ட், ஞாயிறு. ஆடிப்பெருக்கு

ஊரில் பாதி ஒகேனக்கல் போயிருக்கிறது. என்னைக் கூட்டிப் போகவில்லை, வயிற்றுக்காரி. அத்தையும் போகவில்லை, வயிற்றுக்காரிக்குக் காவல்.

பருப்பு பொறுக்கிக்கொண்டே மெதுவாகக் கேட்டேன். "அத்தை, தர்மன் சாருக்கு சுகர் இருக்குல்ல?"

"ஆமா. ஊசி போட்டுக்கறாரே."

"இல்ல... சக்கர வியாதி இருக்கறவரு சக்கரத் தண்ணி வெச்சா..."

வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. முடித்திருந்தால் பொய் சொன்ன பாவம் எனக்கு வந்திருக்கும். அத்தை கையில் இருந்த பருப்பு முறத்தில் விழுந்தது.

"புள்ளைக்கும் வந்துடுமா?"

"எனக்கு என்ன தெரியும் அத்தை? சும்மா தோணுச்சி."

சாயங்காலம் அத்தை மாமாவிடம் இதைச் சொந்தக் கண்டுபிடிப்பாகச் சொன்னார். மாமா பெருமையோடு அவரைப் பார்த்தார். தர்மன் சார், மன்னியுங்கள். நல்ல மனிதர் நீங்கள். நடந்து போகும் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். ஆனாலும் உங்களை என் பிள்ளை பக்கம் விட முடியாது.

17 ஆகஸ்ட், ஞாயிறு

தமிழ்ச்செல்வன் ஒப்புக்கொண்டு விட்டார். ஒப்புக்கொண்டது மட்டும் இல்லை, போட்டோகிராஃபரோடு வருகிறாராம். ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடை, பேஸ்புக்கில் நேரலை. மாமாவுக்குக் கால் தரையில் இல்லை. "பொறந்ததுமே புள்ள ஃபேமஸ்" என்கிறார்.

இவரை எப்படிக் கழிப்பது? பணம், கார், ஆள்பலம் எல்லாம் இருக்கிறது. சுகர்கூட இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவருக்கு வியாதி இல்லையே என்று வருத்தப்பட்டேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

கழித்துவிட்டேன்.

"தமிழ்ச்செல்வன் அண்ணன் இப்ப எந்தக் கட்சிங்க மாமா?" என்றுதான் கேட்டேன். மாமா இப்போதைய கட்சியைச் சொன்னார். அதற்கு முன்னால் எது என்றேன். அதையும் சொன்னார். அதற்கும் முன்னால்? மாமா விரல் விட்டு எண்ணத் தொடங்கியபோது அத்தை அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

"இத்தன வூடு மாறனவரா? அவரு சேன வெச்சா புள்ள நாளைக்கி பொண்டாட்டி வூட்டோட போய்டுமே!"

நான் பாட்டுக்குக் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். மாமா, அதெல்லாம் அரசியல், குணம் வேறு என்று வாதாடிப் பார்த்தார். பொண்டாட்டி வீட்டோடு போகும் பிள்ளை என்ற பயத்துக்கு முன்னால் எந்த ஒன்றியச் செல்வாக்கும் நிற்கவில்லை.

30 ஆகஸ்ட், சனி

ஆள் இல்லை. சத்யராஜ் பாவமாக, "நான் வேணா வெக்கட்டுமா?" என்றார். "நீ பத்தாவதே மூணு தடவ எழுதனவன்" என்று பெற்ற தாயே கழித்துவிட்டார்.

கால் வீங்கியிருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. ஆனால் இந்த வாரம் நன்றாகத் தூங்கினேன்.

9 செப்டம்பர், செவ்வாய்

காலையிலிருந்து இடுப்பு வலி. நாள் இன்னும் இருக்கிறதே? 108க்குப் போன் போட்டாகிவிட்டது. அத்தை பையில் துணி அடுக்கினார், பிறகு ஃபிளாஸ்க், பிறகு சங்கு. ஆளில்லாமல் சங்கு எதற்கு? கேட்கவில்லை. வலிக்...

11 செப்டம்பர், வியாழன். ஆஸ்பத்திரி

பெண் குழந்தை. சின்னதாக இருக்கிறாள், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கத்துகிறாள். நன்றாகக் கத்துகிறாள்.

எழுதிவிட வேண்டும், மறப்பதற்குள். மறக்கவா போகிறேன்.

பிறந்ததும் வார்டு நர்ஸ் அவளை என் நெஞ்சோடு போட்டுத் துணியால் மூடினார். "உடனே பால் குடுங்க, எடை கம்மி" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினார். அங்கே ஒரு பெண் அலறிக்கொண்டிருந்தாள். அத்தை அதற்காகவே காத்திருந்தவர் போலப் பையைத் திறந்தார்.

"மொதல்ல வர கட்டிப் பாலு ஆவாது. பீச்சி ஊத்திடு. நான் சேன வெச்சிடறேன்."

"யாரு அத்தை?"

"நாந்தான். வேற யாரு இருக்கா? எல்லாரும் ஏதோ ஒண்ணுல அடிபட்டுட்டாங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. இத்தனை நாளும் வாசலில் வந்தவர்களையெல்லாம் விரட்டியிருக்கிறேன். உள்ளே இருந்தவரை எண்ணவே இல்லையே! அத்தையைக் கழிக்க என்னிடம் எதுவும் இல்லை. சர்க்கரை இல்லை, கட்சி இல்லை, வேலை போகவில்லை. விடியும் முன் எழுந்து உழைக்கிற பொம்பளை. கை நீட்டித் தடுக்கலாம் என்றால் கையில் டிரிப் ஏறுகிறது. தலை சுற்றுகிறது. போன தடவை மாதிரியே. அப்படியே படுத்துப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேனா?

"வேணாம் அத்தை" என்றேன். சாமர்த்தியமாக ஒன்றும் வரவில்லை. "வேணாம் அத்தை, வேணாம், எம்புள்ள செத்துடும் அத்தை, ஒங்க கால்ல வேணா விழறேன்."

அத்தை சங்கைப் பாப்பாவின் உதடு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். அங்கேயே நின்றது. கொஞ்சம் தண்ணீர் என் கழுத்தில் சிந்தியது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"நான் அஞ்சி பெத்தேன்" என்றார். "நின்னது ஒம்புருசனும் அவன் அக்காளும்தான். மொதப் புள்ளைக்கி எங்கப்பன் கை சரியில்லன்னாங்க. ரெண்டாவதுக்கு எம்மாமியா கை. மூணாவதுக்கு யாரு கையும் வேணாம்னு நானே வெச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். சங்கு கீழே இறங்கியது.

"என் கையும் ஆவாது. நீயே வெச்சிக்க. பெத்தவளுக்கு ராசி பாக்க முடியுமா?"

இந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. எனக்கு இது தெரியாது. சத்யராஜுக்கும் தெரிந்திருக்காது. மூன்று பிள்ளை போன பிறகும் தண்ணீரைக் குறை சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. தன் கையைத்தான் சொன்னார், இத்தனை வருஷமாக. அந்தக் கையாலா நேற்று வரைக்கும் எனக்குச் சோறு போட்டார்? அத்தை, நான் உங்களை எத்தனை கேலி செய்து எழுதியிருக்கிறேன் இதில்.

"எங்கிட்ட இருக்கறதத்தான் வெப்பேன்" என்று சொல்லிப் பாப்பாவை மார்போடு அணைத்தேன். முதலில் பிடிக்கத் தெரியவில்லை. நழுவி நழுவிப் போனாள். அத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டே, "தலைய நல்லா தாங்கிப் புடி" என்று அவர் கையையே அவள் பிடரியில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். பிடித்துக்கொண்டாள்.

ஃபிளாஸ்க்கில் இருந்த சர்க்கரைத் தண்ணீரை அத்தையே குடித்துவிட்டார். காலையிலிருந்து பட்டினி.

தமிழ்ச்செல்வன் அனுப்பிய பழக்கூடை மட்டும் வந்தது. பெண் குழந்தை என்றதும் போட்டோகிராஃபருக்கு வேறொரு கல்யாண வீட்டு வேலை வந்துவிட்டதாம்.

19 செப்டம்பர், வெள்ளி

காலையிலிருந்து பாப்பா நாலைந்து முறை மஞ்சளாக வெளிக்குப் போய்விட்டாள். அதே மாதிரிதான் ஆரம்பித்தது அவனுக்கும். அத்தை, "நான் அப்பவே சொன்னேன், கட்டிப் பாலு" என்று தலையில் அடித்துக்கொண்டார். மாமா விளக்கெண்ணெய் தேடினார். சத்யராஜ் - சொன்னால் நம்ப முடியாது - மார்க்கெட்டுக்குக் கிளம்பிய லோடோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்க் கனிமொழியை ஏற்றி வந்தார். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தார் நர்சம்மா.

பாப்பாவைப் பார்த்தார். உச்சியைத் தொட்டார். துணியைப் பார்த்தார். சிரித்தார். "தாய்ப்பால் குடிக்கற புள்ளைங்க இப்பிடித்தாங்க போவும். நல்லாத்தான் இருக்கா. குடுத்துக்கிட்டே இருங்க."

நான் அழுதேன். அத்தை என்னை "அழாத, பாலு கெட்டுடும்" என்று அதட்டிவிட்டு அவரும் அழுதார்.

28 செப்டம்பர், ஞாயிறு

அவன் இருந்த நாட்களை இவள் தாண்டிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அத்தை மட்டும் இன்று சத்துமாவை எனக்கு முதலில் கலக்கினார். அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருப்பார் போல.

22 அக்டோபர், புதன்

எடை போட்டார்கள். தொடையில் மடிப்பு விழுந்திருக்கிறது! வழியில் ஒருத்தி, "யாராட்டம் இருக்கா?" என்று கேட்டாள். அத்தை பெருமூச்சு விட்டு, "எல்லாம் இவளாட்டந்தான். நெனச்சது நடக்கற வரைக்கும் கத்தறா" என்றார்.

9 நவம்பர், ஞாயிறு

காலையில் மேற்குத் தெருவிலிருந்து கலைமதியின் மாமியார் தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு வந்து நின்றார். கலைமதிக்கு நேற்று இரவு பிரசவம், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பையன். நான் வந்து சேனை வைக்க வேண்டுமாம். அந்தச் சின்ன உருப்படியை இப்படித் தேற்றிவிட்டாளே, சுமித்ராவுக்குக் கை ராசி என்று தெரு முழுக்கப் பேச்சாம்.

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கை ராசியா! உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கிருமி, குடல், தடுப்பூசி, ஆறு மாதம். அதற்குள் அத்தை தட்டை வாங்கிக்கொண்டுவிட்டார்.

"வருவா. ஆனா ஒண்ணு" என்றார், வக்கீல் மாதிரி. "சக்கரத் தண்ணி கண்ணுல படக்கூடாது. எங்க மருமவ வெச்சா பெத்தவ பாலத்தான் வெப்பா. அதுவும் மொதப் பாலு. வேற ஏதாச்சும் சொட்டு வாயில பட்டா இவ ராசி நிக்காது. அப்பறம் எங்கள கொற சொல்லக் கூடாது."

"ஐயோ, படாதுங்க. இன்னும் ஒண்ணும் வெக்கலீங்க, ஒங்களுக்காவத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்" என்றார் அந்தம்மா.

"வேற எதுவும் படக்கூடாதுன்னா, எத்தன மாசத்துக்குங்க?" என்று அவரே பயந்து கேட்டார்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மெதுவாக ஆறு விரல் காட்டினேன்.

"ஆறு மாசம்" என்றார் அத்தை.

கனிமொழியின் அட்டைகளும், அந்த நீள மேசைக் கூட்டமும், என் பி.எஸ்சி.யும் சாதிக்காததை ஒரு தட்டு வெற்றிலை பாக்கு சாதித்துவிட்டது. இது சரியா? புதிதாக ஒரு மூடநம்பிக்கையை ஊருக்குள் இறக்கிவிட்டுப் போகிறோமே, படித்தவள் செய்கிற வேலையா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

நேற்று இரவு பிறந்த பிள்ளை, எனக்காகப் பசியோடு காத்திருக்கிறது. யோசிக்கிற நேரமா இது? சத்யராஜ் வண்டியை எடுத்துவிட்டார். போய்க்கொண்டே கலைமதிக்குப் போன் செய்து, நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே பால் கொடு, என் கை ராசி போன் வழியாகவும் வரும் என்று சொல்லப் போகிறேன்.